பங்கு உபயம்

ஐங்கரனே, அடியேன் எழுதப்போகும் சொற்களில் பொய்யும் மிகையும் புகாதபடி முன்நின்று காத்தருள்க. அம்பலத்தில் ஆடும் பெருமானே, உன் திருநாளைப் பற்றி எழுதத் துணிந்தேன். இது துதியாகத் தொடங்கினாலும் முறையீடாகத்தான் முடியும் என்று இப்போதே தெரிகிறது. பொறுத்தருள்க.

இன்று மார்கழித் திருவாதிரை நன்னாள்.

1

ஊரிலுள்ள அன்பர்களே, நம் கோயில் ஆண்டுமலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி நீங்கள் கேட்டுப் பல வாரங்கள் ஆகின்றன. வெளிநாட்டு வாழ்வின் சிறப்பைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இன்று பிற்பகல்தான் எழுத உட்கார்ந்தேன். சிறப்பு ஒன்றும் கையில் அகப்படவில்லை. காலையில் நடந்ததைத்தான் எழுத முடிகிறது.

நான் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்தில், பாடாங் செராய் என்னும் சிறு பட்டணத்தில். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் என்னும் ரப்பர், இப்போது எண்ணெய்க்கான செம்பனை, செம்பனையும் போன இடங்களில் வரிசை வரிசையாக வீடுகள். எங்கள் கோயிலில் மார்கழி மாதம் முழுவதும் அதிகாலைப் பூசை உண்டு. ஒவ்வொரு நாளின் செலவும் ஒரு குடும்பத்தின் உபயம். நம்மூரில் திருவிழா உபயம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவதைப் போலத்தான் இங்கும். திருவாதிரை நாள் எங்களுடையது. என் மாமா தொடங்கியது. அவருக்குப் பின் நான் நடத்தியது.

இன்று அதிகாலை அந்த நாள் எங்களுடையதாக இல்லை.

2

மாமா என்று நான் சொல்வது என் அம்மாவின் தமையனாரை. பாடாங் மேஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். கிராணி என்றால் தோட்டக் கணக்குப்பிள்ளை என்று கொள்ளுங்கள். துரைக்குக் கீழே, தொழிலாளிக்கு மேலே. இனக்கலவரத்தில் ஊர் கலங்கிய ஆண்டில் அம்மா என்னை அவரிடம் அனுப்பிவைத்தார். இரண்டு வேட்டி, ஒரு பதிகப் புத்தகம், பள்ளிக்கூடத்தில் பண்ணோடு பாடப் பழகிய தொண்டை: இவ்வளவுதான் நான் கொண்டு வந்த சீர். மாமா தமக்குக் கீழே எனக்கு ஒரு வேலை எடுத்துத் தந்தார். பின்பு தம் மகள் கமலாம்பிகையையும் தந்தார். ஒரு திருவாதிரை அன்று பூசை முடிந்ததும் என்னை அழைத்து, “இனி இந்த நாள் உன்ர பொறுப்பு” என்று சொல்லித் தம் தலையிலிருந்த பரிவட்டத்தை எடுத்து என் தலையில் கட்டினார். உபயகாரருக்குக் கோயிலில் கட்டும் அந்த மூன்று முழப் பட்டுத்துணி அன்றைக்குக் கனத்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

அக்காலத்தில் கிராணியின் சம்பளத்தில் ஓர் உபயம் நடத்துவது பாரமாக இருந்ததில்லை. பால் தோட்டத்து மாட்டுக்காரரிடம் கிடைத்தது. பொங்கலைப் பெண்கள் வீட்டில் வைத்தார்கள். மேளம் தோட்டத்து மேளம். பாட்டு என்னுடையது. பூவும் நீரும் போதும் என்று அடியார்கள் சொன்னதை நாங்கள் அன்று நம்பினோம். நம்புவதற்குச் செலவு ஆகவில்லை.

பின்பு தோட்டம் கைமாறியது. வேலை போயிற்று. கையில் வந்த சேமநிதிப் பணம் மகன் குகனின் படிப்புக்கும், இந்த வீட்டுக்கு முன்பணமாகவும் போயிற்று. இப்போது வீடு குகன் பெயரில்; வீட்டுக்கடனும் அவன் பெயரில். அவன் கூலிம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பார்க்கிறான். மருமகள் தேவி ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். பேத்தி யாழினி இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். இருவர் சம்பாதித்து ஐவர் உண்ணும் வீடு.

தேவி நாங்கள் இருந்த அதே தோட்டத்துப் பெண். அவள் தகப்பனார் முனியாண்டி என் கீழே பால்மரம் சீவியவர். பிள்ளைகள் விரும்பிச் செய்த மணம். நான் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதையே ஒரு பெரிய குணமாக எண்ணியிருந்தேன்.

3

கார்த்திகையில் என் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணை, எங்கட கோயில் வசந்த மண்டபம் எழும்புது. கனடாவில இருக்கிறவை ஆளுக்கு ரெண்டு தூண் எண்டு சொல்லிப்போட்டினம். நீங்கள் ஒரு தூண் எண்டாலும் தரவேணும். தூணில பேர் வெட்டுவினம்.”

“பாப்பம் தம்பி.”

“என்ன பாப்பம்? வெளிநாட்டில இருந்துகொண்டு பாப்பம் எண்டால் இஞ்ச சனம் சிரிக்கும்.”

சிரிப்பார்கள்தான். வீட்டு வாசலில் காடி நிற்கிறது. கார் என்பதற்கு இங்கே வழங்கும் சொல் அது. குளிர்பெட்டி இருக்கிறது. கைப்பேசி ஆளுக்கொன்று. நாங்கள் அனுப்பும் படத்தில் பார்ப்பவர்களுக்கு இது செல்வம்தான். அந்தக் காடி இல்லாவிட்டால் அதிகாலைப் பணிநேரத்துக்குத் தொழிற்சாலை போய்ச்சேர வழியில்லை என்பதும், அதன் தவணை முடியுமுன் அதற்கு வயதாகிவிடும் என்பதும் படத்தில் விழுவதில்லை. சம்பளம் வந்த கிழமையிலேயே வீட்டுக்கடன், காடித் தவணை, மின்சாரம், யாழினியின் பள்ளி வண்டி என்று வாயைத் திறந்தபடி நிற்கின்றன. அவற்றுக்கு ஊட்டிய பின் மிஞ்சுவதில் மாதத்தின் பாதி நன்றாக நடக்கிறது. மறுபாதியை மிகைநேர வேலைக் கூலி தாங்கிப் பிடித்திருந்தது. அதை இங்கே ஓ.டி. என்பார்கள். இந்த ஆண்டு தொழிற்சாலையில் ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள்.

இதில் யாருடைய தவறு? குகன் குடிப்பதில்லை. சூதாடுவதில்லை. தேவி தனக்கென ஒரு சேலை எடுத்து இரண்டு தீபாவளி போயிற்று. தவறு செய்தவன் ஒருவன் இருந்தால் அவனைத் திருத்தலாம். தவறே இல்லாத வீட்டில் எதைத் திருத்துவது? இந்தக் கேள்வியோடுதான் நான் நாள்தோறும் பூசை அறையில் உட்காருகிறேன்.

4

அரசாங்க உதவித்தொகை உண்டென்று சொன்னார்கள். அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் மிகவும் மரியாதையானவள். என் அடையாள அட்டையை இரு கையாலும் வாங்கிப் பார்த்தாள். நிரந்தரமாகத் தங்க இசைவு பெற்றவருக்குச் சிவப்பு அட்டை. குடிமகனுக்கு நீல அட்டை. என்னுடையது இன்னும் சிவப்பு. குடியுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பம் எந்த அலமாரியில் உறங்குகிறதோ, ஈசனுக்கே வெளிச்சம்.

“பாக்சிக், மேரா தா போலே,” என்றாள். பெரியவரே, சிவப்புக்கு முடியாது.

அவளிடம் என் நிலையை மலாயில் எடுத்துச் சொல்ல முயன்றேன். என் மலாய் தோட்டத்து மலாய்: வா, போ, மரம் வெட்டு, கூலி எவ்வளவு. துயரத்தைச் சொல்ல அதில் சொல் இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் இந்த நாட்டு மொழியில் ஆணையிடக் கற்றேனே தவிர வேண்டிக்கொள்ளக் கற்கவில்லை என்பது அந்த முகப்பில் நின்றபோதுதான் உறைத்தது.

மகனுக்காவது கிடைக்குமா என்று கேட்டேன். கணினியில் தட்டிப் பார்த்தாள். சென்ற ஆண்டு ஓ.டி. இருந்ததால் அவன் வருமானம் வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறதாம். இந்த ஆண்டு ஓ.டி. இல்லையே என்றேன். இந்த ஆண்டுக் கணக்கை அடுத்த ஆண்டுதான் பார்ப்பார்களாம். ஏழைக்கு ஒரு கோடு. செல்வருக்கு ஒரு வாசல். கோட்டுக்குச் சற்று மேலே மூச்சுப் பிடித்து நிற்பவனுக்கு எதுவும் இல்லை. குடியுரிமை உள்ள என் மனைவி கமலத்துக்கு வரும் சிறு உதவித்தொகை அவளுடைய சர்க்கரை நோய்க்கும் கண் வைத்தியத்துக்கும் போய்விடுகிறது.

5

திருவாதிரைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் குகன் பேச்சை எடுத்தான். எடுக்கும் முன் தேவியை ஒரு முறை பார்த்துக்கொண்டான். முன்பே பேசி முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

“அப்பா, இந்த வருஷம் உபயம் முடியாதுலா.”

நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

“ஸ்கூல் தொறக்குது. யாழினிக்கு யூனிபோர்ம், புக்கு எல்லாம் இருக்கு. காடிக்கு டயர் நாலும் மொட்டை. போலிஸ் புடிச்சான்னா அதுக்கும் கட்டணும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்பா. எந்தப் பக்கம் இழுத்தாலும் பத்தல.”

“ஆண்டவனுக்குச் செய்யிறதை நிப்பாட்டினால் மிச்சமும் நில்லாது தம்பி,” என்றேன் மகனிடம்.

தேவி சோற்றுப் பானையை மூடியபடி சொன்னாள்: “சாமிக்கு யாரும் ஓ.டி. கட் பண்ணல மாமா. நமக்குத்தான் பண்ணிட்டாங்க.”

கமலம் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. தேவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. எங்கப்பா ஒன்னு சொன்னாரு. நம்ம பழைய தோட்டத்து ஆளுங்க எல்லாம் சேர்ந்து ஒரு உபயம் எடுக்கலாம்னு இருக்காங்களாம். பங்கு போட்டு. நீங்களும் அதுல சேர்ந்தீங்கன்னா திருவாதிரையே எடுத்துக்கலாம். நம்ம பேரும் இருக்கும், நமக்கும் பாரம் இல்ல.”

யாழினி கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல், “தாத்தா, கோயில்ல இப்ப லைவ் போடுறாங்க. வீட்டுலேருந்தே பார்த்துக்கலாம், செனாங்லா,” என்றாள். செனாங் என்றால் எளிது. அவளுக்கு எல்லாம் எளிதாக இருக்கட்டும். பாரம் சுமக்கும் வயதில் அவள் இந்தக் கோயிலை நினைப்பாளா என்பது வேறு கேள்வி. அதை நான் கேட்பதில்லை.

எழுந்து கை கழுவினேன்.

6

மறுநாள் கோயிலுக்குப் போய்ப் பொருளாளரைக் கண்டேன். சந்திரன் என்று பெயர். லாரி வைத்திருப்பவர். நல்ல மனிதர். அவர் தகப்பனாரும் தோட்டத்துக்காரரே.

“சந்திரன், இந்த முறை சின்னதாய்ச் செய்வம் எண்டு நினைக்கிறன். பொங்கல் கமலம் வீட்டில வைப்பா. மேளம் வேண்டாம், நான் பாடுறன். பால், பூ, பழம் நான் கொண்டு வாறன். காணும்தானே?”

சந்திரன் தலையைச் சொறிந்தார். “ஐயா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. சாமி ஒன்னும் கேக்காது. கேக்கறது நம்ம ஆளுங்கதான். இப்ப எல்லாம் பேக்கேஜ்னு கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க. அபிசேகம், மேளம், மாலை, முந்நூறு பேருக்குச் சாப்பாடு, பேனர். ஒருத்தருக்குக் குறைச்சோம்னா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. கோயிலுக்கும் கரண்ட் பில் இருக்கு ஐயா.”

“ஆண்டவனுக்கும் பேக்கேஜோ?”

“என்னைத் திட்டாதீங்க ஐயா. நான் வெறும் பொருளாளர். பொருளும் இல்ல, ஆளரும் இல்ல.” சிரித்தார். பிறகு என் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஐயா, ஒரு வழி இருக்கு. பழைய தோட்டத்து ஆளுங்க பங்கு உபயம் கேட்டுட்டு இருக்காங்க. உங்களோட சேர்ந்து செய்யணும்னு அவங்களுக்கே ஆசை. கிராணி ஐயா பேரை முதல்ல போடுங்கன்னு அவங்களே சொல்றாங்க. உங்க பங்கு கொஞ்சமாத்தான் வரும்.”

அந்த இடத்தில் நான் ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். தலையை அசைத்திருந்தாலும் போதும். என் வாயில் வந்தது வேறு.

“கிராணி வீட்டு உபயத்தைப் பங்கு போடுறதோ? எங்கட மாமா காலத்தில இல்லாத வழக்கம். செய்தால் முழுதாய்ச் செய்வம். இல்லாட்டில் விடுவம்.”

சந்திரன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. இரக்கத்தைக் கண்டதும் என் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

“அப்ப விடுறீங்களா ஐயா?”

“விடுறம்.”

தோட்டம் போயிற்று, பதவி போயிற்று, சேமிப்பு போயிற்று. கிராணி மட்டும் போகவில்லை. நீறு பூசிய நெற்றிக்குப் பின்னால் அவன் இத்தனை காலம் கைகட்டி உட்கார்ந்திருந்திருக்கிறான். ஆணவம் அறுக்கும்படி நாளும் பாடிய வாய்தான் அன்று அந்த விடையைச் சொல்லியது. வீட்டுக்கு வந்து, விட்டுவிட்டேன் என்றேன். குகன் பெருமூச்சு விட்டான். தேவி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “எங்கப்பாகிட்ட என்னன்னு சொல்றது மாமா?” என்று மட்டும் கேட்டாள். பங்கு வேண்டாம் என்ற என் சொல், அவள் தகப்பன் வேண்டாம் என்பதாக அவள் காதில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

7

இன்று அதிகாலை.

கமலமும் நானும் நடந்தே போனோம். குகனுக்கு இரவுப் பணி, காடி அவனோடு. தேவி முன்னமே போய்விட்டாள். மண்டபத்தின் வலப்பக்கம், உபயகாரர் நிற்கும் இடத்தில், தகப்பன் முனியாண்டிக்கு அருகே பட்டுச் சேலையில் நின்றாள். அது புதிய சேலை இல்லை, கலியாணச் சேலை. நாங்கள் தூண் பக்கம் நின்றோம்.

ஆடவல்லானுக்குப் பால் சொரிந்தது, நீறு சொரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒலிபெருக்கியில் சந்திரனின் குரல் வந்தது: “இன்றைய திருவாதிரை உபயகாரர்கள்...” பின்பு பெயர்கள். முனியாண்டி குடும்பத்தார். அஞ்சலை குடும்பத்தார். வீராசாமி குடும்பத்தார். காளிமுத்து குடும்பத்தார்.

அன்பர்களே, அந்தப் பெயர்களின் வரிசை எனக்கு மனப்பாடம். தோட்டத்தில் விடியுமுன் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். கையில் விளக்கோடு, பனியில், ஆண்டுக்கணக்கில் அந்தப் பேர்களைக் கூப்பிட்டவன் நான். பெரட்டில் பேர் இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. அப்படி எத்தனையோ பேர் வரிசை ஓரத்தில் தயங்கி நின்று, பிறகு லயத்து வீடுகளுக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நின்றவர்களின் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத் தெரிந்தது. பேர்கள் முடிந்தன. என் பேர் வரவில்லை. வராது என்று தெரிந்தும் காது காத்திருந்தது.

குருக்கள் பரிவட்டத்தை அவர்களில் மூத்தவளான அஞ்சலையின் தலையில் கட்டினார். பால்மரம் சீவித் தேய்ந்த கைகளால் அவள் தீபத்தை வாங்கினாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

“அங்க என்னா கிராணி ஐயா ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க? பெரட்டுக்கு லேட்டா வந்தா அரைநாள் கூலி வெட்டுன்னு சொல்லுவீங்களே! வாங்க, வந்து பாடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். முனியாண்டி என் கையைப் பிடித்து முன்னே அழைத்துப் போனார். பாடினேன். இரண்டாவது பாடலின் நடுவில் நிறுத்திவிட்டேன். தொடர முடியவில்லை. மூப்பு என்று நினைத்திருப்பார்கள். மேளக்காரர் சட்டென்று தவிலை எடுத்து அந்த இடைவெளியை மூடிவிட்டார்.

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். அஞ்சலை தன் கையால் பொங்கல் வைத்தாள்.

“அடுத்த வருஷம் நீங்களும் சேர்ந்துக்கணும் ஐயா. இதெல்லாம் ஒரு மனஸ்தாபமா? பங்கு கொஞ்சந்தான் வரும்.”

“சேருறன் அக்கா,” என்றேன். அவளை அக்கா என்று அழைத்தது அதுவே முதல்முறை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

8

எட்டு மணிக்குக் குகன் இரவுப் பணி முடிந்து வந்தான். கமலம் கோயிற் பொங்கலை அவன் தட்டில் வைத்தாள். அவன் உண்ணத் தொடங்கியதும் அருகே உட்கார்ந்தேன்.

“தம்பி, அடுத்த வருஷம் அவையோட பங்கில சேருவம். பேர் கடைசியில வந்தாலும் பரவாயில்லை. நான் சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

அவன் மெல்வதை நிறுத்தினான். மகிழ்வான் என்று எதிர்பார்த்தேன்.

“பங்கு எவ்வளவுப்பா வரும்?”

சொன்னேன். சிறிய தொகைதான். யாழினிக்கு ஒரு சோடிக் காலணி வாங்கும் அளவு. அவன் தட்டில் கையை வைத்தபடியே இருந்தான். தேவி வேலைக்குப் புறப்பட்டு வாசலில் நின்றவள் திரும்பினாள்.

“அப்பா, இன்னும் சொல்லல யாருக்கும்.” அவன் தேவியைப் பார்க்காமல் பேசினான். “பேக்டரில எங்க லைனை மூடப் போறாங்க. பாதிப் பேருக்கு மார்ச்சோட கடைசி. நான் எந்தப் பாதின்னு தெரியாது. இப்ப ஆமான்னு சொல்லிட்டு, அப்புறம் முனியாண்டி மாமா முன்னால போயி இல்லன்னு நின்னா, அது இன்னும் அசிங்கம்லா. எதுவும் சொல்லிடாதீங்கப்பா.”

“சொல்லிப்போட்டன் தம்பி.”

அவன் பொங்கலை உண்டு முடித்தான். தட்டைக் கழுவினான். உறங்கப் போய்விட்டான். தேவி செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பின்னால் உள்ளே போனாள். இன்று அவள் வேலைக்குத் தாமதம்.

மாமா பரிவட்டத்தோடு கட்டிவிட்ட கிராணிக் கனத்தைத் தலையிலிருந்து இறக்கிவைக்க எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. இறக்கி வைத்தபின் பார்க்கிறேன்: தாழ்ந்து நிற்கும் இடத்துக்கும் ஒரு பங்குத் தொகை இருக்கிறது; அதையும் எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை. தூண் தர முடியாது என்று ஊரிலுள்ள என் தம்பி இதன்மூலம் தெரிந்துகொள்ளட்டும். ஈசனிடம் காரணம் கேட்டேன். பாலில் நனைந்தபடி அவன் ஆடிக்கொண்டுதான் இருந்தான்.

இதைப் படிக்கும் உங்கள் யாவர் வீட்டிலும் உலை குறையாமல் கொதிக்கட்டும். மாதத்தின் கடைசி நாளும் முதல் நாளைப் போலவே விடியட்டும். உங்கள் பிள்ளைகள் உழைப்புக்கு ஏற்ற கூலி பெறட்டும். சொன்ன சொல்லை நிறைவேற்றும் வசதி அவர்களுக்கு என்றும் இருக்கட்டும். இறைவன் சந்நிதியில் பேர் கூப்பிடும்போது, முதலிலோ கடைசியிலோ, உங்கள் ஒவ்வொருவர் பேரும் அதில் இருக்கட்டும்.